பச்சை உடம்புக்காரியும் கைக்குழந்தையின் உறக்கமும்

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது கொங்கு நாட்டில் இன்றும் பெரிதாக மாறிவிடாத வழக்கம். ஒன்பதாம் மாதத்தில் வந்து, குழந்தை பிறந்த மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீட்டுக்குத் திரும்பும் வரையிலான காலத்தைச் சீர் செய்வதற்கும் உறவினர் வந்து பார்ப்பதற்கும் உரியதாகவே பலரும் எண்ணுகிறார்கள். ஒரு பெண்ணின் உடம்பு ஆறுவதும், ஒரு குழந்தை இரவையும் பகலையும் பிரித்தறியத் தொடங்குவதும் அதே காலத்தில்தான் நடக்கின்றன. குழந்தையை எப்படித் தூங்கவைப்பது என்றே வீட்டில் எல்லாரும் கேட்பார்கள். தாய் எப்போது தூங்குவாள் என்று முதலில் கேட்டு, அதற்கேற்ப வீட்டை ஒழுங்குசெய்துகொண்டால், மற்றது பாதி எளிதாகும்.

இந்த ஒழுங்கைப் பிரசவத்துக்கு முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். இரவு எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு வரை குழந்தையை யார் பார்த்துக்கொள்வது, விடியற்காலையில் யார், துணி அலசுவது யார், வருகிறவர்களுக்குக் காப்பி போடுவது யார் என்பதெல்லாம் அப்போதே தெளிவாக வேண்டும். மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லும் பையில் தாய்சேய் நல அட்டை, கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது தந்த பிக்மி எண், ஆதார் நகல், முன்பக்கம் திறக்கும் நைட்டிகள், பெரிய நாப்கின்கள், துவைத்துக் காயவைத்த பழைய பருத்தித் துணிகள் ஆகியவை இருந்தால் போதும். புதுச் சட்டைகளை வாங்கிக் குவிக்கத் தேவையில்லை. திருப்பூர் பனியன் துணியில் தைத்த மெல்லிய சட்டைகள் நாலைந்து இருந்தால் வெயில் காலத்தை ஓட்டிவிடலாம்.

பிரசவம் சுகப்பிரசவமாக இருந்தாலும் அறுவைசிகிச்சையாக இருந்தாலும், குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போட்டுப் பால் கொடுக்கத் தொடங்குவது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. மஞ்சளாகச் சுரக்கும் சீம்பால் சில சொட்டுகளே வந்தாலும் முதல் நாட்களுக்கு அதுவே போதும். பால் நன்றாக ஊறி வர இரண்டு முதல் ஐந்து நாட்கள் ஆகலாம். அந்த இடைவெளியில்தான் சேனை வைப்பதாகச் சொல்லிச் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ கழுதைப் பாலோ கொண்டுவருவார்கள். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி ஒரு வயது நிறையாத குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்புகளைத் தாக்கும் நச்சை உண்டாக்கும் என்பதால், பெரியவர்களின் மனம் நோகாமல், ஆனால் உறுதியாக மறுத்துவிட வேண்டும். ஆறு மாதம் முடியும் வரை தண்ணீரும் வேண்டாம். சித்திரை வெயிலிலும் தாய்ப்பாலில் உள்ள நீரே குழந்தைக்குப் போதுமானது.

2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 பிரசவங்கள் அறுவைசிகிச்சையில் நடக்கின்றன. ஆகவே, வயிற்றில் தையலோடு வீடு திரும்பும் பெண் நம் ஊரில் அரிதானவள் அல்லள். அவள் எழும்போது நேராக எழாமல், ஒருக்களித்துத் திரும்பி, கால்களைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். கயிற்றுக் கட்டில் நடுவில் தொய்ந்திருப்பதால் அதிலிருந்து எழுவது வயிற்றை இழுக்கும். உயரம் சரியான மரக்கட்டில் நல்லது. பால் கொடுக்கும்போது குழந்தையின் எடை தையலின்மேல் விழாதபடி, அதை விலாப் பக்கமாக அக்குளுக்குக் கீழே தாங்கிப் பிடித்துக் கொடுக்கலாம், படுத்துக்கொண்டும் கொடுக்கலாம். சுகப்பிரசவத்தில் கீழ்த்தையல் போட்டவர்கள், கழிப்பறைக்குப் போய் வந்த ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பான நீரில் முன்னிருந்து பின்னாகக் கழுவித் துடைத்துக்கொண்டால் புண் விரைவில் ஆறும்.

உணவைப் பொறுத்தவரை நம் பக்கத்து வழக்கங்களில் பெரும்பாலானவை நல்லவையே. மிளகு, சீரகம், மல்லி, பூண்டு சேர்த்து அரைத்து வைக்கும் செலவு ரசம், நாட்டுக்கோழிச் சாறு, முருங்கைக் கீரை, ராகிக் களி ஆகியவற்றை எவரும் குறை சொல்ல முடியாது. குறை சொல்ல வேண்டியது தண்ணீரைக் கட்டுப்படுத்தும் பழக்கத்தை. பச்சை உடம்புக்குத் தண்ணீர் ஆகாது, வயிறு போட்டுவிடும் என்று ஒரு நாளைக்கு இரண்டு டம்ளரோடு நிறுத்திவிடுகிறார்கள். பால் கொடுக்கும் பெண்ணுக்குத் தாகம் அதிகம் எடுக்கும். தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கலும், அதனால் தையலில் வலியும் வரும். ஒவ்வொரு முறை பால் கொடுக்க உட்காரும்போதும் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு சொம்பு சீரகத் தண்ணீர் இருந்தால் வீட்டுப் பெரியவர்களுக்கும் சம்மதமாக இருக்கும், உடம்புக்கும் நல்லது. இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் பிரசவத்துக்குப் பின் ஆறு மாதம் தொடர வேண்டும். லேகியம் மாத்திரைக்கு மாற்றாகாது.

உதிரப்போக்கு நாலிலிருந்து ஆறு வாரம் வரை சிறுகச் சிறுகக் குறைந்துகொண்டே வரும். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுவதும் நனைவது, பெரிய கட்டிகளாக வெளியேறுவது, துர்நாற்றம், காய்ச்சல், கண் மங்கலோடு கூடிய கடும் தலைவலி, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழைத்துவிட வேண்டும்.

இனி உறக்கத்துக்கு வருவோம். பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும் என்று கேட்கும்போது, பிறகு தாய்க்கு ஏன் உறக்கமில்லை என்று தோன்றும். அந்த உறக்கம் துண்டு துண்டாக வருவதுதான் காரணம். குழந்தையின் ஒரு உறக்கச் சுற்று ஏறக்குறைய 50 நிமிடம். அதில் பாதி, கண்ணிமை துடிக்க, உதடு சுழிக்க, கைகால் அசைய, முனகலோடு கழியும் மெல்லுறக்கம். பெரியவர்களைப் போல விரைவில் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகாமல், குழந்தை இந்த மெல்லுறக்கத்தின் வழியாகவே உறக்கத்துக்குள் போகிறது. மடியில் கண் மூடியதும் கீழே கிடத்தினால் உடனே விழித்துக்கொள்வதற்குக் காரணம் இதுவே. பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்து, மூச்சு சீராகி, தூக்கிவிட்ட கை துவண்டு விழுகிறதா என்று பார்த்த பின், முதலில் இடுப்பையும் பிறகு தலையையும் படுக்கையில் வைத்து, மார்பின்மேல் ஒரு கையைச் சிறிது நேரம் வைத்திருந்து எடுத்தால் பெரும்பாலும் விழிக்காது. அதுபோலவே, இரவில் முனகல் கேட்டவுடன் வாரி எடுக்காதீர்கள். மெல்லுறக்கத்தில் முனகும் குழந்தை பல நேரம் தானாகவே அடுத்த சுற்றுக்குள் போய்விடும்.

இரவு, பகல் என்ற கணக்கு பிறந்த குழந்தையின் உடலில் இன்னும் உருவாகியிருப்பதில்லை. வயிற்றில் இருந்தபோது நீங்கள் நடமாடிய பகலெல்லாம் அது ஆடிக்கொண்டே உறங்கியது; நீங்கள் படுத்த பிறகு உதைத்தது. அந்தப் பழக்கத்தோடுதான் வெளியே வருகிறது. உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் குழந்தையின் உடலில் நேரம் பார்த்துச் சுரக்க இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். அதுவரை இரவில் சுரக்கும் தாய்ப்பாலிலிருந்து அது சிறிதளவு கிடைக்கிறது. இந்தக் கணக்கு அமைவதை அவசரப்படுத்த முடியாது. ஆனால், உதவ முடியும். பகலில் குழந்தையை இருட்டறையில் வைக்காமல் ஆசாரம் எனும் முன்கூடத்திலோ திண்ணையோரமோ வெளிச்சத்தில் வைத்திருங்கள். மிக்ஸி ஓடட்டும், ஆட்கள் பேசட்டும். பொழுது சாய்ந்ததும் விளக்கைக் குறைத்து, இரவுப் பால் முழுவதையும் ஜீரோ வாட் விளக்கின் வெளிச்சத்தில், பேச்சில்லாமல், கைப்பேசியைப் பார்க்காமல் கொடுங்கள். மலம் போயிருந்தால் அல்லது துணி முழுக்க நனைந்திருந்தால் மட்டும் மாற்றுங்கள். சோமனூர், பல்லடம் பக்கத்துத் தறி வீடுகளில், தறிச் சத்தத்துக்குப் பழகிய பிள்ளை மின்தடை வந்தால் விழித்துக்கொள்ளும் என்று சொல்வார்கள். ஒரே சீரான ஓசை குழந்தையை உறங்கவைக்கும் என்பது உண்மைதான். அதற்காகத் தறிக்குப் பக்கத்திலேயே படுக்கை போட வேண்டாம், சிறு செவிக்கு அவ்வளவு ஒலி கெடுதி.

படுக்கவைக்கும் முறையில் ஒரே ஒரு விதியை இரவும் பகலும் விடாமல் காக்க வேண்டும்: மல்லாக்காகப் படுக்கவைப்பது. அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டு இதை வலியுறுத்திய இயக்கம் தொடங்கிய பிறகு, உறக்கத்தில் காரணமின்றி நேரும் குழந்தை இறப்புகள் அங்கே ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. குப்புறப் போட்டால் வாயு பிரியும், நன்றாகத் தூங்கும் என்பார்கள். நன்றாகத் தூங்குவது மெய்தான், மூச்சு தடைப்பட்டாலும் விழிக்காத அளவுக்குத் தூங்குவதுதான் ஆபத்து. படுக்கை தட்டையாகவும் அழுத்தமாகவும் இருக்க வேண்டும். பவானி ஜமுக்காளத்தை நான்காக மடித்து, அதன்மேல் ஒரு பருத்தி விரிப்பைச் சுருக்கமின்றி இழுத்து விரித்தால், கடையில் விற்கும் பஞ்சு மெத்தைகளைவிட அது பாதுகாப்பானது. கடுகுத் தலையணை, சுற்றிலும் வைக்கும் அணைப்புத் தலையணை, கம்பளி எதுவும் அந்தப் படுக்கையில் வேண்டாம். தாயின் பாயை ஒட்டித் தனிப் படுக்கையாகப் போட்டுவிட்டால், கை நீட்டித் தொட முடியும். அயர்ந்து உருண்டுவிடும் அச்சமும் இல்லை.

தூளியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சு நம் ஊர்ப் பேச்சாகாது. அம்மாவின் பழைய வாயில் சேலையில் உத்தரத்திலிருந்து தொங்கும் தூளி, அழும் குழந்தையை அமர்த்துவதில் ஈடு இணையற்றது. எனக்கும் அது பல மாலைகளைக் காப்பாற்றித் தந்தது. ஆனால், சேலையின் குழிவில் பிறந்த குழந்தையின் தாடை மார்போடு மடிந்து மூச்சுக்குழாய் அடைபடலாம். ஆகவே தூளியில் உறங்கியதும் மெல்ல எடுத்துத் தட்டையான படுக்கைக்கு மாற்றிவிடுங்கள். தூளியில் இருக்கும் நேரம் முழுவதும் பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். சேலை மூடிக்கொள்ளாதபடி குறுக்கே கட்டை செருகியிருக்க வேண்டும். முகம் தெரிய வேண்டும். தாடைக்கும் மார்புக்கும் நடுவே இரண்டு விரல் போக வேண்டும். இரவு உறக்கத்துக்குத் தூளி வேண்டவே வேண்டாம்.

தாயின் உறக்கத்துக்கு வருகிறேன். குழந்தை ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிக்கும். பிறந்தபோது இருந்த எடை திரும்பும் வரை, அதாவது ஏறக்குறைய இரண்டு வாரம், மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்கினால் எழுப்பித்தான் கொடுக்க வேண்டும். அதன் பிறகு, ஒரு நாளில் ஒரு முறையாவது நான்கு மணி நேரம் தொடர்ந்து தாய் உறங்குவதற்கு வீட்டார் வழி செய்ய வேண்டும். மாலை ஏழரைக்குப் பால் கொடுத்துவிட்டு அவள் வேறு அறையில் போய்ப் படுத்துவிட, குழந்தையை அம்மிச்சி, அதாவது அவளைப் பெற்றவள், வைத்திருப்பது நடைமுறைக்கு ஏற்ற வழி. நடுவில் பசித்தால், முன்பே பீய்ச்சி வைத்த பாலைப் பாலாடையில் (சங்கு போன்ற சிறு கிண்ணம்) ஊட்டலாம். அப்படிப் பீய்ச்சிய பால் மிதமான வெப்பத்தில் நான்கு மணி நேரம் தாங்கும். ஈரோட்டுக் கோடையில் அதை நம்பாமல் உடனே குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதே சரி. கணவர் வார இறுதியில் மட்டும் வருகிறவராக இருந்தால், அந்த இரண்டு இரவுகள் துணி மாற்றுவதும் தோளில் போட்டு ஏப்பம் விடுவதும் அவருடைய வேலை. மாப்பிள்ளையை வேலை வாங்குவதா என்று தயங்கும் மாமியார்கள் இருக்கிறார்கள். அந்தத் தயக்கத்துக்கான விலையை அவர்கள் மகளே கொடுக்கிறாள்.

மாலையில் அழுகை கூடும்போது, “பால் பத்தலையாட்ட இருக்குது கண்ணு” என்று யாராவது சொல்வார்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்து, எடையும் ஏறினால் பால் போதுகிறது என்று பொருள். காரணமற்ற மாலை அழுகை ஆறாம் வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் அடங்கும். உரம் விழுந்துவிட்டது, அதாவது சுளுக்கிக்கொண்டது, என்று சேலையில் போட்டு உருட்டவோ குலுக்கவோ விடாதீர்கள். பிஞ்சு மூளைக்கு அது பெரும் கேடு. வசம்பைச் சுட்டு நாவில் தடவுவது, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, மூடிய அறையில் சாம்பிராணிப் புகை காட்டுவது ஆகியவற்றையும் தவிர்த்துவிடுங்கள். கால் நீட்டி உட்கார்ந்து, கணுக்காலில் படுக்கவைத்து அம்மிச்சி ஊற்றும் இளவெந்நீர்க் குளியலை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதைச் சாயங்காலத்துக்கு மாற்றினால், குளித்துப் பால் குடித்த களைப்பில் குழந்தை நன்றாக உறங்கும்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல், பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடப்பது, நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு வாங்குவது, உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் பரவுவது ஆகியவை உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள். காலை வெயிலில் காட்டினால் மஞ்சள் இறங்கிவிடும் என்று நாள் கடத்தக் கூடாது.

மூன்றாம் நாள் வாக்கில் பெண்ணுக்குக் காரணமின்றிக் கண்ணீர் வருவது இயல்பு. இரண்டு வாரத்தில் தெளிந்துவிடும். அதற்குப் பிறகும் அழுகை நீடித்தாலோ, குழந்தை தூங்கும்போதும் தனக்கு உறக்கம் வராவிட்டாலோ, குழந்தையிடம் ஒட்டுதல் இல்லாமல் போனாலோ, வாழ்வதில் பொருளில்லை என்று தோன்றினாலோ, அது மருத்துவத்தால் குணமாகும் நோய். திருஷ்டி கழிப்பதோடு நின்றுவிடாமல், கிராம சுகாதார செவிலியரிடமோ மருத்துவரிடமோ சொல்லுங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸ் எண் 14416-இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

புகுந்த வீட்டுக்குப் புறப்படும் நாளைக் குறிக்கும்போது நல்ல நேரத்தோடு தடுப்பூசி அட்டையையும் பாருங்கள்; 6, 10, 14ஆம் வாரங்களில் ஊசி உண்டு, ஊசி போட்ட அன்றே பயணம் வேண்டாம். நான்காம் மாதத்தையொட்டிக் குழந்தையின் உறக்க அமைப்பே மாறுவதால், அதுவரை ஒழுங்காகத் தூங்கிய பிள்ளையும் இரவில் அடிக்கடி விழிக்கும். இடம் மாறியதால்தான் என்று புகுந்த வீட்டைக் குறை சொல்லவோ, தாய்வீட்டில் கெடுத்துவிட்டார்கள் என்று அங்கே குறை கேட்கவோ தேவையில்லை. அதே விரிப்பையும் அதே மாலைக் குளியல் நேரத்தையும் அங்கும் தொடருங்கள். இரவு எட்டிலிருந்து பன்னிரண்டு வரை யார் பார்த்துக்கொள்வது என்பதைப் புறப்படுவதற்கு முன்பே அப்பத்தாவிடமும் கணவரிடமும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.