கைத்தொலைபேசிக் குறைபாட்டை வெளியிடும் முன்

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் கைத்தொலைபேசி திருத்துபவர் திரைப்பூட்டைத் தாண்டும் வழியொன்றைத் தற்செயலாகக் கண்டால், அதைக் காணொளியாக்கும் முன், தமக்குச் சொந்தமான கருவியிலேயே மீண்டும் சோதித்து, மென்பொருட் பதிப்பைக் குறித்துக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளரின் கருவியில் சோதிக்கவே கூடாது. அனுமதியற்ற அணுகல் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம். அடுத்து, தயாரிப்பாளரின் பாதுகாப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். பதிலில்லையெனில், கணினிப் பாதுகாப்பு அவசரங்களைக் கையாளும் தேசிய அமைப்பான இலங்கை சேர்ட் நிறுவனத்தை நாடலாம்.

மென்பொருட் குறைபாடுகளைத் தேடும் கூகுளின் புரொஜெக்ட் சீரோ குழு, அவற்றைத் திருத்தத் தயாரிப்பாளருக்குப் பொதுவாக 90 நாள் அவகாசம் தருகிறது. அதற்கு மேலும் மௌனம் நீடித்தால் வெளியிடுவதே நியாயம் என்பேன்: 2009இல் பாதுகாப்பு ஆய்வாளர் கார்ஸ்டன் நோல் பேர்லினில் அம்பலப்படுத்திய, ஜிஎஸ்எம் கைத்தொலைபேசி வலையமைப்பு மறையாக்கத்தின் பலவீனம், ஆய்வாளர்களுக்குப் பல ஆண்டுகளாகவே தெரிந்திருந்தும் திருத்தப்படாமல் கிடந்தது. ஆயினும், புதுப்பிப்பே கிடைக்காத பழைய கருவிகள் நம்மவர் கைகளில் ஏராளம் என்பதால், ஆபத்தையும் தற்காப்பையும் விளக்கி, குறைபாட்டைப் பயன்படுத்தி இயங்கும் நிரலை வெளியிடுவதைத் தவிர்த்துவிடுங்கள்.