கால் தமனி அடைப்பும் உறைவுத் தடுப்பு மருந்தும்: ஆய்வுக் கட்டுரையைப் படிக்கும் முறை

காலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளில் கொழுப்புப் படிந்து பாதை குறுகிவிடுவதைப் புறத்தமனி நோய் என்கிறோம். சற்றுத் தூரம் நடந்ததும் கெண்டைக்காலைப் பிடித்து இழுக்கும் வலி, நின்றவுடன் சில நிமிடங்களில் அது அடங்கிவிடுவது, நோய் முற்றினால் ஆறாத கால்புண் ஆகியவை இதன் அடையாளங்கள். பலருக்கு எந்த அடையாளமும் இருப்பதில்லை. இந்நோய் உள்ளவருக்கு மருத்துவர் ஒரு மாத்திரையோடு இன்னொன்றையும் சேர்த்து எழுதித் தரும்போது, குடும்பத்தில் யாராவது ஒருவர் அதற்கான ஆய்வைத் தேடிப் படிக்க உட்காருவார். என் தந்தையின் காலுக்காக நானும் அப்படி உட்கார்ந்தவன்தான். பக்கம் பக்கமாகப் படித்தும், எதை முதலில் பார்க்க வேண்டும் என்று தெரியாததால் பல இரவுகள் குழப்பத்திலேயே கழிந்தன. அந்தக் குழப்பம் இன்னொருவருக்கு வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எந்தக் குழாயில் உண்டான உறைவு?

கட்டுரையைத் திறந்ததும் முதலில் உறுதி செய்ய வேண்டியது, அது பேசுவது தமனியைப் பற்றியா, சிரையைப் பற்றியா என்பதை. "காலில் இரத்தக் கட்டி" என்று பொதுவில் சொல்லப்படுவது பெரும்பாலும் ஆழ்சிரை உறைவு. அது இரத்தம் மெதுவாக ஓடும் சிரைகளில் உண்டாவது. கால் வீங்கும், கட்டியின் ஒரு துண்டு பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் அடைக்கக்கூடும். தமனியில் நடப்பது வேறு. உள்சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு வெடித்த இடத்தில் இரத்தத் தட்டணுக்கள் திரண்டு ஒட்டி, கீழ்ப்பகுதிக்குப் போகும் இரத்தத்தையே நிறுத்திவிடுகின்றன. அதனால்தான் புறத்தமனி நோயில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற, தட்டணுக்கள் ஒட்டுவதைத் தடுக்கும் மருந்துகள் முதலிடம் பெறுகின்றன. ஆழ்சிரை உறைவிலோ உறைவுக் காரணிகளைத் தடுக்கும் மருந்துகள் முதலில் வருகின்றன.

இந்த வேறுபாட்டைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, உறைவுக் காரணி ஒன்றைத் தடுக்கும் ரிவராக்ஸபன் மருந்தே சான்று. ஆழ்சிரை உறைவுக்கு வழக்கமாக முதல் 21 நாட்கள் 15 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருமுறையும், பிறகு நாளுக்கு ஒருமுறை 20 மில்லிகிராமும் தரப்படுகிறது. புறத்தமனி நோய்க்கு ஆய்ந்து பயனறியப்பட்ட அளவோ 2.5 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை, அதுவும் ஆஸ்பிரினுடன் சேர்த்து. மாத்திரையின் பெயர் ஒன்றுதான். ஆனால் ஒன்றைப் பற்றிய முடிவை மற்றொன்றுக்கு எடுத்து ஒட்ட முடியாது. கட்டியைக் கரைக்கும் சிகிச்சைக்கும் இது பொருந்தும். 2017-இல் வெளியான அட்ராக்ட் ஆய்வு, 692 பேரிடம், சிரைக்குள் குழாய் செலுத்தி மருந்தாலும் கருவியாலும் கட்டியை அகற்றுவதால் பிற்காலத்தில் வரும் கால் வீக்கமும் வலியும் குறைகின்றனவா என்று பார்த்தது; குறையவில்லை, இரத்தக் கசிவு கூடியது. இதைப் படித்துவிட்டு, தமனி அடைத்துக் கிடக்கும் ஒருவருக்குக் கரைப்பு சிகிச்சை வீண் என்று முடிவுகட்டுவது பெருந்தவறு.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. காலில் திடீரென்று கடும் வலி வந்து, கால் வெளுத்து, குளிர்ந்து, மரத்துப்போனால் அது தமனி முழுவதும் அடைபட்டதன் அறிகுறியாக இருக்கலாம். அப்போது எந்தக் கட்டுரையையும் தேடாமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். சில மணி நேரத் தாமதமே காலை இழக்கச் செய்துவிடும்.

யாருடைய கால்?

அடுத்துப் பார்க்க வேண்டியது, ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் யார் என்பது. கணுக்கால் இரத்த அழுத்தத்தை மேற்கை அழுத்தத்தால் வகுத்து வரும் விகிதம் 0.90 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் நோய் உண்டு எனக் கொள்வார்கள், 1.00 முதல் 1.40 வரை இயல்பு, 1.40-க்கு மேல் போனால் தமனிச் சுவர் இறுகி அழுத்த முடியாமல் இருக்கிறது என்று பொருள், ஆகவே அந்த எண்ணை நம்ப முடியாது. நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளிடம் இது அடிக்கடி காணப்படும்.

ஆனால் ஒரே நோய்ப்பெயருக்குள் மூன்று வகை மனிதர்கள் இருக்கிறார்கள். விகிதம் மட்டும் குறைந்து, வலியே இல்லாதவர்கள் முதல் வகை. ஸ்காட்லாந்தில் நடந்து 2008-லும் 2010-லும் வெளியான இரு ஆய்வுகள் இத்தகையோருக்கு ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்தன; இரண்டிலுமே பயன் தென்படவில்லை. நடந்தால் வலி வருபவர்கள், அல்லது முன்பு எப்போதோ சிகிச்சை பெற்று இப்போது நிலையாக இருப்பவர்கள் இரண்டாம் வகை. அடைப்பை பலூனாலோ ஸ்டென்டாலோ பைபாஸ் அறுவையாலோ அண்மையில் திறந்துகொண்டவர்கள் மூன்றாம் வகை; புதிதாகத் திறந்த இடம் மீண்டும் அடைபடும் அபாயம் இவர்களுக்கே அதிகம். ஆஸ்பிரினோடு ரிவராக்ஸபனைச் சேர்த்துப் பார்த்து 2017-இல் வெளியான காம்பஸ் ஆய்வில் 27,395 பேர் இருந்தார்கள். அவர்களுள் புறத்தமனி நோய்ப் பிரிவினர் 7,470 பேர், அதிலும் கழுத்துத் தமனி நோய் உள்ளவர்கள் கலந்திருந்தார்கள். அதே சேர்க்கையை ஆய்ந்து 2020-இல் வந்த வாயேஜர் ஆய்வோ, காலில் அடைப்பைத் திறந்துகொண்ட 6,564 பேரை மட்டுமே எடுத்துக்கொண்டது. உங்கள் வீட்டு நோயாளி இவற்றுள் எந்த வகை என்று தெரியாமல் முடிவுப் பகுதிக்குத் தாவிவிடாதீர்கள்.

சேர்க்கப்படாதவர்களையும் பாருங்கள். இரத்தக் கசிவுக்கு அதிக வாய்ப்புள்ளவர்களை இரண்டு ஆய்வுகளுமே விலக்கின. காம்பஸில், மூளைக்குள் இரத்தம் கசிந்து பக்கவாதம் வந்தவர்களுக்கும் சிறுநீரகம் மிக மோசமாகப் பழுதடைந்தவர்களுக்கும் இடமில்லை. நோயாளிக்கு முன்பு வயிற்றில் புண்ணாகி இரத்தம் கசிந்திருந்தால், கட்டுரையில் காணும் கசிவுக் கணக்கு அவருக்கு நேரக்கூடியதைவிடக் குறைவாகவே இருக்கும்.

எதை எண்ணினார்கள்?

இதய நோய் ஆய்வுகளில் நெடுங்காலமாக மாரடைப்பு, பக்கவாதம், இறப்பு ஆகிய மூன்றையும் ஒரே கூட்டுக் கணக்காக எண்ணுவது வழக்கம். கால் நோயாளியின் முதல் அச்சம் காலை இழப்பது. அந்த மூன்றில் அதற்கு இடமே இல்லை. வாயேஜர் ஆய்வு, திடீர்க் கால் அடைப்பையும், இரத்தக்குழாய்க் காரணத்தால் கால் அகற்றப்படுவதையும் முதன்மைக் கணக்கிலேயே சேர்த்தது. கால் நோயாளிகளுக்கு அது செய்த பெரிய நன்மை இது என்பேன்.

கூட்டுக் கணக்கைப் பிரித்துப் பார்ப்பதும் அவசியம். வாயேஜரில் மொத்தக் கணக்கு குறைந்ததற்குப் பெரும் காரணம், திடீர்க் கால் அடைப்பு 3 ஆண்டுகளில் 7.8 சதவீதத்திலிருந்து 5.2 சதவீதமாக இறங்கியதே, இறப்பு குறையவில்லை. கூட்டுக் கணக்கில் "இருதய இறப்பு" என்ற சொல்லும் இருப்பதால், இம்மருந்து உயிரிழப்பைத் தடுத்தது என்று செய்தியில் எழுதிவிடுகிறார்கள். ஆய்வு காட்டியது அதுவல்ல.

கணக்கை ஒரு தாளில் போடுங்கள்

நான் இப்போதும் செய்வது இதுதான். ஒரு தாளை நடுவில் கோடிட்டு, இடப்பக்கம் நன்மை, வலப்பக்கம் தீங்கு என எழுதி, இரண்டையும் 1000 பேருக்கு மாற்றுவது. வாயேஜரையே எடுத்துக்கொள்வோம். ரிவராக்ஸபன் இல்லாமல் ஆஸ்பிரின் பெற்றவர்களில் 3 ஆண்டுகளில் 19.9 சதவீதத்தினருக்கும், ரிவராக்ஸபனும் சேர்த்துப் பெற்றவர்களில் 17.3 சதவீதத்தினருக்கும் கூட்டுக் கணக்கில் உள்ள ஏதேனும் ஒன்று நேர்ந்தது. அபாய விகிதம் 0.85, அதாவது அபாயம் 15 சதவீதம் குறைந்தது என்று தலைப்பில் வரும். தாளில் நீங்கள் எழுத வேண்டியது: 199 பேர், 173 பேர், அந்தக் கேடுகளிலிருந்து தப்பியவர்கள் 26 பேர். ஒருவருக்குப் பயன் கிடைக்க ஏறத்தாழ 39 பேர் 3 ஆண்டுகள் அம்மருந்தை எடுக்க வேண்டும்.

இனி வலப்பக்கம். வாயேஜர் பெருங்கசிவை இரண்டு வரையறைகளில் தந்திருக்கிறது. டிமி என்ற வரையறை கடுமையானது. மூளைக்குள் கசிவு, ஹீமோகுளோபின் (டெசிலிட்டருக்கு) 5 கிராமோ அதற்கு மேலோ இறங்குவது போன்றவற்றையே எண்ணும். அதன்படி கசிவு 1.87 சதவீதத்திலிருந்து 2.65 ஆனது. ஐஎஸ்டிஹெச் என்ற வரையறை, ஹீமோகுளோபின் 2 கிராம் இறங்கினாலே பெருங்கசிவு எனக் கொள்ளும், அதன்படி 4.06 சதவீதம் 5.94 ஆனது. முன்னதில் 1000 பேரில் ஏறத்தாழ 8 பேர் கூடுதல், பின்னதில் ஏறத்தாழ 19 பேர் கூடுதல். மனிதர்கள் மாறவில்லை, வரையறைதான் மாறியது. ஆகவே "கசிவு சற்றே கூடியது" என்று யாராவது எழுதியிருந்தால், எந்த வரையறையில் என்று தேடுங்கள். நன்மையை விகிதத்திலும் தீங்கைச் சதவீதப் புள்ளியிலும் சொல்லும் கட்டுரையை நான் நம்புவதில்லை. இரண்டையும் ஒரே அளவுகோலில் வைத்தால்தான் நோயாளியிடம் நேர்மையாகப் பேச முடியும்.

விகிதத்தின் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் நம்பக இடைவெளியையும், அதாவது உண்மையான விகிதம் இருக்கக்கூடிய எல்லையையும் பாருங்கள்; விகிதம் 1 என்றால் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. 0.85-க்குப் பக்கத்தில் 0.76 முதல் 0.96 வரை என்றிருக்கிறது. 1-ஐத் தொடவில்லை, ஆகவே நன்மை தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு குறைவு. டிமி கசிவுக்கு 0.97 முதல் 2.10 வரை, 1-ஐயும் உள்ளடக்கி நிற்கிறது என்பதால் கசிவே கூடவில்லை என்று வாசிக்கக்கூடாது. இருமடங்காகவும் இருக்கலாம் என்பதையும் அந்த இடைவெளிதான் சொல்கிறது.

மருந்தைக் கூட்டினால் பயனும் கூடும் என்ற எண்ணத்தை வேவ் என்ற 2007-ஆம் ஆண்டு ஆய்வு உடைத்தது. வழக்கமான மருந்தோடு வார்ஃபரின் போன்ற உறைவெதிர்ப்பு மருந்தையும் முழு அளவில் சேர்த்தபோது மாரடைப்பும் பக்கவாதமும் இறப்பும் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. உயிருக்கு ஆபத்தான கசிவோ 1.2 சதவீதத்திலிருந்து 4.0 சதவீதமாக உயர்ந்தது.

உட்பிரிவு முடிவுகளில் நிதானம்

19,185 பேரைக் கொண்ட 1996-ஆம் ஆண்டின் கேப்ரி ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம், இரத்தக்குழாய்க் காரண இறப்பு ஆகியவற்றின் கூட்டுக் கணக்கை ஆஸ்பிரினைவிடக் குளோபிடோக்ரெல் ஆண்டுக்கு 5.83 சதவீதத்திலிருந்து 5.32 ஆகக் குறைத்தது, மொத்தத்தில் 8.7 சதவீதக் குறைவு. புறத்தமனி நோயாளிகளை மட்டும் பிரித்துப் பார்த்தபோது அது 23.8 சதவீதமாகத் தெரிந்தது. இது பெரிய நம்பிக்கையைத் தந்தது, இன்றும் இம்மருந்து பரிந்துரைக்கப்பட ஒரு காரணம். எனினும் உட்பிரிவின் எண் எப்போதும் முழு ஆய்வின் எண்ணைவிட ஆட்டம் உடையது. அதேபோல் இதய நோயில் சிறப்பாகச் செயல்பட்ட டிகாக்ரெலார் என்ற தட்டணுத் தடுப்பு மருந்து, 13,885 கால் நோயாளிகளிடம் நடந்த யூக்ளிட் ஆய்வில் குளோபிடோக்ரெலை மிஞ்சவில்லை, இதேபோன்ற கூட்டுக் கணக்கில் 10.8 சதவீதமும் 10.6 சதவீதமுமாக இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே நின்றன. காம்பஸ் ஆய்வு, நன்மை தெளிவானதால் திட்டமிட்ட காலத்துக்கு முன்பே நிறுத்தப்பட்டது என்பதையும் மனத்தில் வையுங்கள்; அவ்வாறு நிறுத்தப்படும் ஆய்வுகளில் நன்மை உண்மையைவிடச் சற்றுப் பெரிதாகத் தோன்றக்கூடும். ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர் மருந்து நிறுவனமா என்பது கட்டுரையின் இறுதியில் இருக்கும். அதைப் படிப்பது நல்லது, அதனாலேயே முடிவை ஒதுக்கிவிட வேண்டியதில்லை.

மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளையே கொண்டுபோங்கள். மேல்பகுதியில் நோயாளியின் கணுக்கால் விகிதம், அடைப்பைத் திறந்த தேதி, சிறுநீரகப் பரிசோதனை எண், முன்பு கசிவு ஏற்பட்டதுண்டா என்பது, வலிக்கு அவ்வப்போது போடும் மாத்திரைகள் உட்பட எல்லா மருந்துகளும் இருக்கட்டும். பிறகு கேளுங்கள்: இந்த ஆய்வில் இவர் சேர்க்கப்பட்டிருப்பாரா? இரண்டு மருந்துகளையும் எவ்வளவு காலம் எடுக்க வேண்டும்? பல் பிடுங்கவோ அறுவைக்கோ போகும்போது எதை, எத்தனை நாள் முன்பு நிறுத்துவது? பதில் கிடைக்கும்வரை எழுதித் தந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ, அளவை மாற்றவோ கூடாது. திடீரென்று நிறுத்துவதாலேயே திறந்த தமனி மீண்டும் அடைபடலாம். என் தந்தையின் மருத்துவர் அந்தத் தாளை வாங்கிப் படித்து, வலப்பக்கத்தில் நான் விட்டிருந்த ஒரு வரியைத் தம் பேனாவால் சேர்த்தார்: "மூட்டுவலிக்குப் போடும் மாத்திரையை நிறுத்தவும், அதுவும் கசிவைக் கூட்டும்."