தோல்வியைப் பயனாக்கும் அவசரத்தில் நாம் செய்யும் தவறுகள்

வேலை போய்விட்டது, தேர்வில் தேறவில்லை, ஆசையாக ஆரம்பித்த தொழிலை ஒரே வருடத்தில் மூடவேண்டி வந்தது என்று யாராவது சொன்னால் போதும், "எல்லாம் நன்மைக்கே, இதிலிருந்து பாடம் கற்றுக்கொள்" என்று நாலு பேர் வந்துவிடுவார்கள். சொல்பவர்கள் நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அடி வாங்கினால் பாடம் தானாக வந்துவிடும் என்ற அந்த நம்பிக்கைதான் முதல் தவறு, மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

2019இல் லாரன் எஸ்க்ரைஸ்-விங்க்லர், அயலெட் ஃபிஷ்பாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டே விடைகள், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நீங்கள் சொன்னது தவறு என்று தெரிந்தாலே மற்றதுதான் சரி என்று புரிந்துவிடும், இல்லையா? ஆகவே "சரி" என்று கேட்டவருக்கும் "தவறு" என்று கேட்டவருக்கும் கிடைத்த தகவல் ஒன்றேதான். இருந்தும் அப்புறம் சோதித்தபோது, "தவறு" என்று கேட்டவர்கள் குறைவாகவே கற்றிருந்தார்கள். தன்மானத்தில் அடி விழுந்ததும் மனம் அந்தப் பக்கமே பார்க்க மறுத்துவிடுகிறது என்பதுதான் அவர்கள் தரும் விளக்கம். இதில் எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான்: அடுத்தவர் தோற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் வரவில்லை, அவர்கள் நன்றாகவே கற்றுக்கொண்டார்கள். ஊரார் தோல்வியை அலசுவதில் நாம் எல்லோரும் கெட்டிக்காரர்கள் என்பது தெரிந்ததுதானே!

அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நம் பக்கமே திருப்பலாம். நடந்ததை எழுதும்போது "நான்" என்று எழுதாமல் உங்கள் பெயரைப் போட்டு, வேறொருவருக்கு நடந்ததைப் போல எழுதிப் பாருங்கள்: அவருக்கு அப்போது என்ன தெரியும், எதைக் கேட்காமல் விட்டார், எந்த இடத்தில் சறுக்கினார். ஈத்தன் க்ராஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், தன்னைத்தானே பெயர் சொல்லி அழைத்துப் பேசிக்கொண்டவர்கள், "நான்" என்று பேசிக்கொண்டவர்களைவிட, பதற்றமான நேரத்தைச் சற்று நிதானமாகக் கடந்தார்கள். கொஞ்சம் கிறுக்குத்தனமாகத் தோன்றும், பரவாயில்லை, யாரும் பார்க்கப்போவதில்லை.

அடுத்த தவறு, பாடத்தை உடனே ஊருக்கு அறிவிப்பது. வேலை போன மறுநாளே "இதிலிருந்து நான் கற்ற பத்து விஷயங்கள்" என்று சமூக ஊடகத்தில் ஒரு பதிவு வந்துவிடும், கூடவே அடுத்த வருடத்துக்கான சபதமும். இதில் ஒரு ஆபத்து உண்டு. பீட்டர் கோல்விட்சர் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வுகளில், "நான் இப்படிப்பட்டவனாக ஆகப்போகிறேன்" என்ற நோக்கத்தை அடுத்தவர் கவனித்துவிட்டபோது, அதற்கான உழைப்பு குறைந்தது. நாலு பேர் கைதட்டியதுமே பாதி சாதித்துவிட்டோம் என்ற நிறைவு வந்துவிடுகிறது. நெருங்கிய ஒருவரிடம் சொல்லி, வாரம் ஒருமுறை அவரைக் கேட்கச் சொல்வது வேறு விஷயம், அதைத் தாராளமாகச் செய்யலாம்.

எல்லாவற்றையும்விட அதிகம் சேதம் செய்வது, தப்பான பாடத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வது. ஒருவர் நன்றாக விசாரித்து, சில மாதச் செலவுக்குப் பணமும் சேர்த்து வைத்துக்கொண்டு புதிய நிறுவனத்தில் சேர்கிறார் என்று வையுங்கள். யாரும் எதிர்பாராத விதமாகச் சந்தை சரிந்து நிறுவனம் மூடப்படுகிறது. "இனி வேலை மாறவே கூடாது" என்று அவர் முடிவு செய்தால், சரியாகச் செய்த ஒரு காரியத்தை வாழ்நாள் முழுக்கத் தவறு என்று ஒதுக்கி வைக்கிறார். முடிவு வேறு, விளைவு வேறு. அன்று கையில் இருந்த தகவலை வைத்து நிதானமான ஒரு ஆள் என்ன செய்திருப்பார் என்று கேட்டுப் பாருங்கள். இதையேதான் செய்திருப்பார் என்றால் அங்கே பாடம் எதுவும் இல்லை, நேரம் சரியில்லை, அவ்வளவுதான். ஆனால் இதே கேள்வி மறுபக்கமும் வெட்டும்: வரவு செலவுக் கணக்கே பார்க்காமல் தொழிலில் இறங்கியவர் "எனக்கு அதிர்ஷ்டம் இல்லை" என்று சொல்லித் தப்ப முடியாது. குருட்டாம்போக்கில் ஜெயித்தவரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது, அவர் விஷயம் இன்னும் மோசம், அடுத்த முறை பெரிய தொகையை வைத்து அதையே செய்வார்.

இந்தத் தவறுகளின் பட்டியலில் ஜெயித்த கதைகளை மட்டும் படிப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போஸ்ட்-இட் ஒட்டுத்தாள் கதையை எல்லோரும் ஒரே வரியில் சொல்வார்கள்: பலமான பசை செய்யப்போய் பலவீனமான பசை வந்தது, அதுவே வெற்றியானது. உண்மையில் த்ரீ எம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் அந்தப் பசையைக் கண்டது 1968இல். அதை ஒட்டுத்தாளுக்குப் பயன்படுத்தலாம் என்று தோன்றியது அவருக்கல்ல, அதே நிறுவனத்தில் இருந்த ஆர்ட் ஃப்ரைக்கு, 1974இல், பாட்டுப் புத்தகத்தில் வைக்கும் அடையாளத் தாள்கள் நழுவி விழுந்துகொண்டே இருந்த எரிச்சலில். அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தது 1980இல். பன்னிரண்டு வருடம், இன்னொருவரின் தேவை, நடுவில் மாதாமாதம் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு நிறுவனம். இவ்வளவையும் சுருக்கி ஒரு வரியில் கேட்டுவிட்டு, நம் தோல்வி மூன்று மாதத்தில் லாபமாகவில்லையே என்று புழுங்குகிறோம். எதற்கும் பயன்படாமல் மேஜை டிராயரிலேயே கிடந்துபோன பசைகளைப் பற்றி யாரும் கதை எழுதுவதில்லை.

அப்புறம் இந்தத் திங்கட்கிழமை வைராக்கியம். அதிகாலை எழுவது, ஜிம், புது மொழி, தினம் ஐம்பது பக்கம், எல்லாம் ஒரே நாளில் தொடங்கி அடுத்த வாரம் எல்லாம் ஒன்றாக நிற்கும். லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் நடத்திய ஆய்வில், ஒரே ஒரு சின்னப் பழக்கம் படிவதற்கு ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை ஆகும் என்று தெரிந்தது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனாலும் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதில் உண்டு. ஒன்றை மட்டும் எடுங்கள், நாள் தவறினால் மறுநாள் தொடருங்கள்.

கடைசியாக, எல்லா அடியிலும் லாபம் தேடவேண்டியதில்லை. நெருங்கியவரின் மரணம், பெரிய நோய் போன்றவற்றில் "இதனால் எனக்கு என்ன நன்மை" என்று தேடச்சொல்லி ஒருவரை நச்சரிப்பது கொடுமை. பேரிடிக்குப் பிறகான வளர்ச்சியைப் பற்றி 1990களில் இருந்து எழுதிவந்த டெடெஸ்கி, கால்ஹூன் என்ற உளவியலாளர்களே, வளர்ச்சி வந்தால் அது அந்த இடியோடு மல்லுக்கட்டியதில் வருகிறது, இடியால் வருவதில்லை, வந்தாலும் வலி போய்விடுவதில்லை என்கிறார்கள். சிலருக்கு வராமலும் இருக்கலாம், அதில் அவர்கள் குறை எதுவும் இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், முன்பு ரசித்த எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால், பாடம் எழுதும் நோட்டை மூடி வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் தலைகாட்டினால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்காதீர்கள், அன்றே ஒருவரிடம் சொல்லிவிடுங்கள்.