சைக்கிள் ஆய்வுக் கருத்தரங்கு: சிறிதாக நடத்தும்போது எங்கே சறுக்குகிறது?

முப்பது நாற்பது பேர் கூடும் கருத்தரங்கைப் பெரிய மாநாடு போலத் திட்டமிடுவதுதான் முதல் தவறு. ஒரே நாளில் 20 கட்டுரைகளைத் திணித்தால் கேள்வி கேட்க நேரமே இருக்காது. நாளுக்கு 8 கட்டுரை போதும்: பேச 15 நிமிடம், விவாதிக்க 15 நிமிடம். ஒரே நேரத்தில் வெவ்வேறு அறைகளில் நடக்கும் இணை அமர்வுகள் வேண்டவே வேண்டாம். சாலைப் பொறியாளர் பேசுவதைச் சமூகவியலாளர் கேட்கத்தானே கூட்டமே!

தேதி குறிக்கும்முன் மற்ற மாநாடுகளைப் பாருங்கள். வாஷிங்டனில் ஜனவரியில் நடக்கும் டிஆர்பி (அமெரிக்கப் போக்குவரத்து ஆராய்ச்சி வாரியம்) கூட்டத்துக்குக் கட்டுரை அனுப்ப வழக்கமாக ஆகஸ்ட் 1 கடைசி நாள். ஜூலைக் கடைசியில் நீங்கள் கட்டுரைச் சுருக்கம் கேட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். 1980-ல் ஜெர்மனியின் பிரெமனில் தொடங்கிய வெலோ-சிட்டி என்ற சைக்கிள் மாநாட்டின் தேதியையும் கவனியுங்கள்.

அதிகம் சொதப்புவது, வந்தவர்களைச் சைக்கிளில் ஊர்ச் சாலைகளைப் பார்க்க அழைத்துப்போகும் களச் சவாரியில்தான். வரைபடத்தில் 8 கிலோமீட்டரைப் பார்த்து 'அரை மணி நேரம்' என்று எழுதிவிடுகிறார்கள். குழு மணிக்கு 12 கிலோமீட்டருக்கு மேல் நகராது. அதுவே 40 நிமிடம். நின்று பேச நான்கு இடங்கள், இடத்துக்கு 10 நிமிடம். கிளம்பும்முன் சீட் சரிசெய்ய 20 நிமிடம். ஆக, 100 நிமிடம். சிக்னலில் குழு இரண்டாகப் பிரியும். 10 பேருக்கு ஒரு குழு, முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் என்று வையுங்கள்.

வாடகை சைக்கிளில் பிரேக்கைக் கட்டாயம் சோதிக்கச் சொல்லுங்கள். முன்சக்கர பிரேக் சில நாடுகளில் வலக்கையில், சில நாடுகளில் இடக்கையில் இருக்கும். பழக்கதோஷத்தில் தவறான பக்கத்தை இறுக்கினால் ஆள் தலைகுப்புற விழுவார். சிலவற்றில் பெடலைப் பின்னால் மிதித்தால்தான் நிற்கும். சைக்கிள் ஓட்டாதவர்களுக்கு மூன்று சக்கர சைக்கிளோ, இருவர் மிதிக்கும் சைக்கிளோ ஏற்பாடு செய்யுங்கள். சவாரியை முதல் நாள் காலையிலேயே வையுங்கள். கடைசி நாள் மாலை என்றால் பாதிப் பேர் ரயிலுக்குக் கிளம்பியிருப்பார்கள்.

இன்னொன்று, ஆய்வில் பங்கேற்றவர்கள் சைக்கிளில் போன வழி என்று பேச்சாளர்கள் திரையில் காட்டும் ஜிபிஎஸ் தடங்கள். அவர்கள் வீடு எங்கே என்று தெரியாமலிருக்க, வீட்டைச் சுற்றி 200 மீட்டர் வட்டத்துக்குள் உள்ள தடத்தை அழித்துவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். ஒரே ஆளின் பல பயணங்களை ஒன்றாகப் போட்டால், அறுபட்ட நுனிகள் சேர்ந்து அந்த வட்டத்தையே காட்டிக்கொடுக்கும், நடுவில் வீடு. தனித்தடங்களுக்குப் பதிலாக, சாலைவாரியாகக் கூட்டிய எண்ணிக்கையைக் காட்டச் சொல்லுங்கள். பயணம் குறைவான சாலைகளை அதிலும் விட்டுவிட வேண்டும். இதைச் சுருக்கம் கேட்கும் அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள். மேடையேறியபின் சொல்லிப் பயனில்லை.