1931 டிராகுலாவை எப்படிப் பார்ப்பது

முதலில் விளக்கை அணைத்துவிடுங்கள், டிவியில் பிரைட்னஸைக் கூட்டவும் வேண்டாம். ஒளிப்பதிவாளர் கார்ல் ஃபிராய்ண்ட் பாதிப் பயத்தை இருட்டுக்குள்தான் வைத்திருக்கிறார். பின்னணி இசை கிட்டத்தட்ட இல்லை, அந்த அமைதிக்குப் பழகக் கொஞ்ச நேரம் ஆகும்.

கோட்டைக் காட்சிகளை மட்டும் கண் எடுக்காமல் பாருங்கள், படத்தின் உயிரே அங்கேதான். டிராகுலாவாக வரும் பெலா லுகோசி, கையில் மெழுகுவர்த்தியோடு நின்று, படிக்கட்டை மறித்துக் கிடக்கும் பெரிய சிலந்தி வலையைக் கலைக்காமலேயே அந்தப் பக்கம் போய்விடுகிறார். பின்னால் வரும் விருந்தாளி ரென்ஃபீல்டோ கைத்தடியால் அதைக் கிழித்துக்கொண்டுதான் ஏற வேண்டியிருக்கிறது. எப்படிப் போனார் என்று யாரும் விளக்குவதில்லை. எவ்வளவு அழகு!

சரி, கதை லண்டனுக்கு வந்ததும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். மேடை நாடகத்தை வைத்து எடுத்த படம் என்பது இங்கே அப்பட்டமாகத் தெரியும். வரவேற்பறையில் நின்று பேசிக்கொண்டே இருக்கிறார்கள், புல்வெளியில் ஓநாய் ஓடுவதைக்கூட நாயகன் ஹார்க்கர் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சொல்கிறார், நமக்குக் காட்டுவதில்லை. டிராகுலாவின் முடிவிலும் முனகல் சத்தம் மட்டும்தான். பழைய படம் என்று இதற்குச் சலுகை தரத் தேவையில்லை. ரென்ஃபீல்டாக வரும் டுவைட் ஃபிரையின் சிரிப்புக்காக மட்டும் பொறுத்துக்கொள்ளலாம், அப்படி ஒரு நடிப்பு.

அப்புறம் இதே அரங்குகளில் இரவு நேரத்தில், வேறு நடிகர்களை வைத்து எடுத்த ஸ்பானிஷ் பதிப்பையும் தேடிப் பாருங்கள். கேமரா அதில் இன்னும் தாராளமாக நகரும், ஆனால் லுகோசி இல்லை.