சின்ன எஸ்யூவி வாங்கப் போகிறீர்களா? பத்து லட்சக் கோட்டில் இருந்து கணக்கைத் தொடங்குங்கள்

2025 ஜூலையில் தேட ஆரம்பித்து நவம்பரில்தான் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நடுவில் ஒரு வண்டிக்கு முன்பணம் கட்டி, பிறகு வேண்டாம் என்று திரும்ப வாங்கினோம். அந்த ஒரு தவறுக்குக் காரணம் விலைக் கணக்கில் நான் கவனிக்காமல் விட்ட ஒரு கோடு. அதனால் இந்தப் பதிவில் மற்ற படிகளை வேகமாகச் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் மட்டும் நிறைய நேரம் நிற்கப்போகிறேன். கணக்கு முழுவதும் தமிழ்நாட்டுப் பதிவுக்கானது. வேறு மாநிலம் என்றால் வரி விகிதம் மாறும்.

படி 1: பதினான்கு நாள் நோட்டு

எந்த வண்டி என்று யோசிக்கும் முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எங்கே போனீர்கள், எத்தனை கி.மீ., எத்தனை பேர், வண்டி எங்கே நின்றது. எங்கள் வீடு மடிப்பாக்கத்தில். பள்ளி, பெருங்குடி அலுவலகம், காய்கறிக் கடை, அத்தையின் மருத்துவமனை, எல்லாமே ஒரு பக்கம் எட்டு கி.மீ.க்குள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கும்பகோணம். சராசரி போட்டால் மாதம் 800 கி.மீ. வந்தது.

எழுதிப் பார்ப்பதற்கு முன் "நமக்கு நெடுஞ்சாலைதான் அதிகம்" என்று வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். நோட்டில் பார்த்தால் பத்தில் எட்டு நாள் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும்தான் போயிருக்கிறது. டீசலா பெட்ரோலா, மேனுவலா ஆட்டோமேட்டிக்கா என்ற இரண்டு கேள்விக்கும் பதில் இந்த நோட்டில்தான் இருக்கிறது.

படி 2: டேப்பை எடுங்கள்

வண்டி நிற்கப்போகும் இடத்தை அளந்துவிட்டுத்தான் ஷோரூமுக்குப் போகவேண்டும். இந்தப் பிரிவில் நெக்ஸான், பிரெஸ்ஸா, வென்யூ, சோனெட், கைலாக் எல்லாமே 3,995 மி.மீ. நீளம். எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ 3,990. இந்த ஒற்றுமை தற்செயல் இல்லை. நான்கு மீட்டருக்குள் இருந்து, பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசிக்குள், டீசல் 1,500 சிசிக்குள் இருந்தால் குறைந்த வரி என்ற விதி 2006 பட்ஜெட்டில் வந்தது. அதற்காகவே வண்டிகளை இப்படி வெட்டிச் செய்கிறார்கள்.

நீளம் ஒன்றாகிவிட்டதால் நீங்கள் பார்க்க வேண்டியது அகலம். 1.8 மீட்டர் சுற்றுவட்டாரத்தில் இருக்கும், கண்ணாடியை விரித்தால் இன்னும் கூடும். எங்கள் அடுக்ககத்தில் தூணுக்கும் சுவருக்கும் நடுவே 2.4 மீட்டர்தான். வண்டி நிற்கும், கதவு முழுதாகத் திறக்காது. இதை அளந்தது நல்லதாகப் போயிற்று. ஏனென்றால் அடுத்த படியில் அத்தை இருக்கிறார்.

படி 3: வீட்டில் மூத்தவரை ஏற்றிப் பாருங்கள்

அத்தைக்கு மூட்டு வலி. டெஸ்ட் டிரைவுக்கு அவரையும் கூட்டிப்போனேன். முதல் வண்டியில் சேலைக் கொசுவத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் மேலே கைப்பிடியைத் தேடினார். அது இருந்த இடம் அவருக்கு எட்டவில்லை. இரண்டாவது வண்டியில் கதவின் அடிப்பகுதி உயரம், காலைத் தூக்கி வைக்கவே சிரமப்பட்டார். மூன்றாவதில் பாதிக் கதவு திறந்த நிலையில், முதுகைத் திருப்பி உட்கார்ந்து, காலை உள்ளே இழுத்துக்கொண்டார். "இதுல ஏறலாம்மா" என்றார். எங்கள் பட்டியல் அங்கேயே பாதியானது.

டெஸ்ட் டிரைவை ஷோரூம்காரர்கள் சொல்லும் வழுவழுப்பான ரோட்டில் ஓட்டாதீர்கள். உங்கள் தெருவுக்கு வண்டியைக் கொண்டுவரச் சொல்லுங்கள், பெரும்பாலும் கொண்டுவருகிறார்கள். வேகத்தடை மேல் ஏற்றுங்கள். அடித்தள பார்க்கிங் சரிவில் பாதியில் நிறுத்தி, மறுபடி எடுங்கள்.

ஆட்டோமேட்டிக் வேண்டும் என்றால் இந்தச் சரிவுப் பரீட்சைதான் முக்கியம். ஏஎம்டி என்பது மேனுவல் கியரையே இயந்திரம் மாற்றிக் கொடுப்பது. விலை குறைவு, மைலேஜ் நன்றாக வரும், ஆனால் கியர் மாறும்போது ஒரு தலையாட்டல் இருக்கும். டார்க் கன்வெர்ட்டர் என்ற இன்னொரு வகை ஆட்டோமேட்டிக் வழுக்கிக்கொண்டு போகும். பிரெஸ்ஸா, கைலாக், பெட்ரோல் 3எக்ஸ்ஓ மூன்றிலும் ஆட்டோமேட்டிக் என்றால் இதுதான். நெரிசலில் தினமும் ஓட்டுகிறவர்களுக்கு என் வாக்கு டார்க் கன்வெர்ட்டருக்கு. பட்ஜெட் இடிக்கிறது என்றால் நல்ல மேனுவலே போதும்.

படி 4: பெட்ரோலா டீசலா

நான் போட்ட கணக்கு இது. நகரத்துக்குள் பெட்ரோல் 13 கி.மீ., டீசல் 18 கி.மீ. கொடுக்கும் என்று வைத்துக்கொண்டேன். பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், டீசல் 92.50 என்று எடுத்தால், கி.மீ.க்கு பெட்ரோலில் 7.77, டீசலில் 5.14. மிச்சம் 2.63 ரூபாய். டீசல் வண்டி 1,30,000 ரூபாய் கூடுதல் என்றால், அதை எடுக்க ஏறக்குறைய 49,400 கி.மீ. ஓட்ட வேண்டும். மாதம் 800 கி.மீ. ஓட்டும் எங்களுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் ஆகும்.

பணத்தை விட இன்னொரு காரணம் பெரியது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் வண்டிகளில் புகைக் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது, டிபிஎஃப் என்பார்கள். அது நிறைந்ததும் அதிக சூட்டில் கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு வண்டி கொஞ்ச நேரம் விடாமல் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். தினமும் ஆறு கி.மீ. போய் நிறுத்தினால் அந்தச் சூடு வராது. என் பெரியப்பா மகன் டீசல் எடுத்து, பள்ளிக்கும் வீட்டுக்கும் மட்டுமே ஓட்டினார். நாலு மாதத்துக்குள் மீட்டரில் விளக்கு எரிந்தது. மாதம் இரண்டு தடவை ஞாயிறு காலையில் திண்டிவனம் வரைக்கும் சும்மா ஓட்டிவிட்டு வருகிறார். உங்கள் நோட்டில் எட்டு கி.மீ. பயணங்களே நிறைந்திருந்தால் பெட்ரோல் எடுங்கள், யோசிக்கவே வேண்டாம்.

படி 5: பத்து லட்சக் கோடு

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள்.

ஷோரூமில் முதலில் சொல்வது எக்ஸ்-ஷோரூம் விலை. அதில் ஜிஎஸ்டி அடக்கம். அதன் மேல் ஆயுட்கால சாலை வரி வரும். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் இருந்து இது நான்கு அடுக்கு: 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20.

வருமான வரி போல, தாண்டிய தொகைக்கு மட்டும் கூடுதல் வரி என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பத்து லட்சத்தைத் தாண்டினால் வண்டியின் முழு விலைக்கும் 18 சதவீதம்.

நான் முன்பணம் கட்டிய வண்டியின் எக்ஸ்-ஷோரூம் 10,25,000. அதே வண்டியில் ஒரு படி கீழே உள்ள வேரியண்ட் 9,85,000. "நாற்பதாயிரம்தான் மேடம் வித்தியாசம், சன்ரூஃப் வருது" என்றார் விற்பனையாளர். வீட்டுக்கு வந்து ஷீட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன்.

கீழ் வேரியண்ட்: விலை 9,85,000. சாலை வரி 13 சதவீதம், 1,28,050. இன்சூரன்ஸ் 41,000. பதிவு, கடன் பதிவு, ஃபாஸ்டேக் போன்ற சில்லறைகள் 6,000. மொத்தம் 11,60,050.

மேல் வேரியண்ட்: விலை 10,25,000. சாலை வரி 18 சதவீதம், 1,84,500. இன்சூரன்ஸ் 42,000. சில்லறைகள் 6,000. பத்து லட்சத்தைத் தாண்டியதால் 1 சதவீத டிசிஎஸ் (விற்பவரே நம்மிடம் பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி முன்பணம்), 10,250. மொத்தம் 12,67,750.

நாற்பதாயிரம் என்று சொன்னது 1,07,700 ஆகிவிட்டது. டிசிஎஸ் தொகை வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கிடைத்துவிடும், நம் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் வந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதைக் கழித்தாலும் 97,450. ஒரு சன்ரூஃபுக்கும் பெரிய திரைக்கும் அவ்வளவு கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மறுநாளே முன்பணத்தைத் திரும்பக் கேட்டேன்.

ஆகவே வேரியண்ட் தேர்வை இந்தக் கோட்டில் இருந்து தொடங்குங்கள். 9.99 லட்சம் வரை ஒரு பட்டியல். அதைத் தாண்டினால் குறைந்தது 11.5 லட்சத்துக்குரிய மதிப்பு வண்டியில் இருக்க வேண்டும். 10.1, 10.3 என்று கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் வேரியண்ட்கள்தான் தமிழ்நாட்டில் மிகவும் நட்டம்.

2025 செப்டம்பர் 22 அன்று சின்ன வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது. அதுவரை பெட்ரோல் வண்டிக்கு செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து 29. வரிக் குறைப்பு முழுவதையும் கொடுத்தால் 10.90 லட்சமாக இருந்தது 9.97 ஆகும். கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிடுவதால் சாலை வரியும் 1,96,200இல் இருந்து 1,29,610 ஆகிறது. நாங்கள் கடைசியில் வாங்கியது அப்படி உள்ளே வந்த ஒரு வேரியண்ட்தான். பழைய விலைப் பட்டியலை வைத்துக்கொண்டு கணக்குப் போடாதீர்கள்.

ஒரு வார்த்தை கருவி பற்றி. விலை ஒப்பிடும் இணையதளங்களில் வரும் ஆன்-ரோடு விலையை (வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்த மொத்தம்) நான் நம்புவதில்லை, இன்சூரன்ஸை ஏதோ ஒரு சராசரியில் போட்டுவிடுகிறார்கள். நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் எக்ஸ்-ஷோரூம் விலையை எடுத்து, கூகுள் ஷீட்டில் நீங்களே கட்டங்கள் போடுங்கள். பத்து நிமிட வேலை.

படி 6: இன்சூரன்ஸை வெளியே கேளுங்கள்

ஷோரூமில் எங்களுக்குச் சொன்னது 58,000. அதே காப்பீட்டு மதிப்பு, அதே கூடுதல் அம்சங்களோடு வெளியே 41,000க்குக் கிடைத்தது. வெளியே வாங்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. "வெளில எடுத்தா கேஷ்லெஸ் வராது" என்பார்கள், அதாவது பழுதுச் செலவைக் காப்பீட்டு நிறுவனமே நேரடியாகக் கட்டும் வசதி. உங்கள் சர்வீஸ் சென்டர் அந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் கேஷ்லெஸ் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

புதிய காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 2022இல் அறிவித்த கட்டணப்படி 1,000 சிசி வரை 6,521, 1,000 முதல் 1,500 சிசி வரை 10,640, ஜிஎஸ்டி தனி. இதில் பேரம் கிடையாது. பேரம் எல்லாம் சொந்தச் சேதப் பகுதியில்தான்.

கூடுதல் அம்சங்களில் ஜீரோ டெப் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தருவது), இன்ஜின் பாதுகாப்பு இரண்டும் எடுத்தேன். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒன்று: தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. தண்ணீர் இன்ஜினுக்குள் போய் இறுகிவிடும், சாதாரண பாலிசியில் அதற்குப் பணம் வராது.

படி 7: பதிவுக்கு முன் வண்டியைப் பாருங்கள்

உங்கள் பெயரில் பதிவாவதற்கு முன்பே சேஸி எண்ணை வாங்கி, யார்டில் போய் அந்த வண்டியையே பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3225 என்றால் 2025ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்தது. ஸ்டெப்னி சேர்த்து ஐந்தையும் குனிந்து படித்தேன். ஒன்று மட்டும் பழையதாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். வண்டியின் தயாரிப்பு மாதத்தையும் சரிபாருங்கள். வருடக் கடைசியில் தள்ளுபடி கிடைக்கும், ஆனால் ஜனவரியிலேயே ஒரு வருடம் பழைய வண்டி ஆகிவிடும். பத்து வருடம் வைத்து ஓட்டுவீர்கள் என்றால் தள்ளுபடியை வாங்கிக்கொள்ளுங்கள். நாலு வருடத்தில் விற்பவர் காத்திருக்கலாம்.

பின்சேர்க்கை: கருத்துப் பெட்டியில் வந்த கேள்விகள்

பிரெஸ்ஸாவும் நான்கு மீட்டருக்குள்தானே, அதற்கும் 18 சதவீத ஜிஎஸ்டியா என்று இருவர் கேட்டிருந்தார்கள். இல்லை. அதன் பெட்ரோல் இன்ஜின் 1,462 சிசி. நீளம் விதிக்குள் வந்தாலும் இன்ஜின் வரவில்லை, அதனால் 40 சதவீதம். வண்டியில் குறை எதுவும் இல்லை, அதே பணத்தில் வேறு வண்டியில் மேல் வேரியண்ட் கிடைக்கலாம் என்பதுதான் விஷயம்.

பாதுகாப்பு பற்றி ஒன்றும் எழுதவில்லையே என்று ஒருவர் கேட்டது நியாயமான கேள்வி. 2023 அக்டோபர் முதல் வண்டியை மோதவிட்டுப் பார்க்கும் பாரத் என்கேப் சோதனை நடக்கிறது. நெக்ஸான், 3எக்ஸ்ஓ, கைலாக் மூன்றும் அதில் ஐந்து நட்சத்திரம் வாங்கியவை. இரண்டு வண்டிக்கு நடுவே மனம் ஊசலாடினால் நான் இதை வைத்தே முடிவு செய்வேன்.

அதிகம் பேர் மாட்டிக்கொண்டது கடனில். "ஆறு சதவீதம்தான்" என்று ஒருவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அது ஃபிளாட் வட்டி, அதாவது அடைத்த தொகையைக் கழிக்காமல் முதலில் வாங்கிய முழுக் கடனுக்கும் கடைசி வரை போடும் வட்டி. 8 லட்சத்துக்கு ஐந்து வருடம் 6 சதவீத ஃபிளாட் என்றால் வட்டி 2,40,000, மாதத் தவணை 17,333. வங்கியில் 9 சதவீத ரெடியூசிங் (மீதிக் கடனுக்கு மட்டும் வட்டி) என்றால் தவணை 16,607தான். ஆறு, ஒன்பதை விடக் கூடுதலாக முடிகிறது. அந்த ஆறு உண்மையில் 10.8 சதவீதத்துக்கு அருகில் வரும். தவணை குறைகிறதே என்று ஏழு வருடத்துக்கு இழுத்தாலும் இதே கதைதான்: 9 சதவீதத்தில் தவணை 12,871 ஆகும், ஆனால் மொத்த வட்டி ஐந்து வருடத்தை விட 85,000 ரூபாய் போல ஏறும். வட்டி ஃபிளாட்டா ரெடியூசிங்கா என்று எழுத்தில் வாங்குங்கள், முன்கூட்டியே அடைத்தால் என்ன கட்டணம் என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள்.