தாழ்த்திய பழைய பிக்கப்புக்கு வீலும் டயரும்: அளந்துவிட்டு வாங்குங்கள்

வண்டியைத் தாழ்த்தும் வேலை முழுதும் முடியும்வரை வீல் வாங்காதீர்கள். ஸ்பிரிங், டிராப் ஸ்பிண்டில் (முன்பக்கத்தைத் தாழ்த்தும் ஸ்பிண்டில்), பிரேக் எல்லாம் மாட்டி வண்டி தன் உயரத்தில் நின்றால்தான் ஹப்பின் முகம், அதாவது வீல் பொருந்தும் பரப்பு, எங்கே நிற்கிறது என்று தெரியும். டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக் போடும் சில கிட்கள் வீலைச் சில மி.மீ. வெளியே தள்ளிவிடும்.

ஸ்டட் வட்டம் (வீலைப் பிடிக்கும் ஸ்டட்களின் மையங்கள் வழியே போகும் வட்டத்தின் விட்டம்): இரு சக்கர இயக்க செவர்லே சி10-இல் 1970 வரை ஆறு ஸ்டட், 139.7 மி.மீ.; 1971 முதல் ஐந்து ஸ்டட், 127 மி.மீ. பழைய ஃபோர்டு எஃப்-100-இல் ஐந்து ஸ்டட், 139.7 மி.மீ. இடையில் யாராவது ஆக்சிலை மாற்றியிருக்கலாம், ஆகவே அளந்தே பாருங்கள். ஐந்து ஸ்டட்டில், பக்கத்துப் பக்கத்து ஸ்டட்களின் மைய இடைவெளியை 1.701-ஆல் பெருக்குங்கள். இடைவெளி 74.7 வந்தால் வட்டம் 127, 82.1 வந்தால் 139.7.

காயில் ஸ்பிரிங் வைத்த சி10-இன் பின்பக்கத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அங்கே ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிப்பது பான்ஹார்ட் பார். அதன் ஒரு முனை சேஸியில், மறுமுனை ஆக்சிலில். வண்டி இறங்கும்போது பார் வில்போல் சுழன்று ஆக்சிலை ஒரு பக்கம் நகர்த்திவிடும். ஒரு டயர் ஃபெண்டரில் உரசும், மற்றதில் இடம் மிஞ்சும். பழி ஆஃப்செட் மேல் விழும் (ரிம்மின் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் பொருந்தும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற அளவு; முகம் வெளிப்பக்கம் தள்ளியிருந்தால் +). நீளம் மாற்றக்கூடிய பார் போட்டு, ஆக்சிலை நடுவே நிறுத்திவிட்டு அளவெடுங்கள்.

சேஸியை ஸ்டாண்டில் வைத்து, ஸ்பிரிங்கைக் கழற்றி, ஓடும் உயரத்துக்கு ஆக்சிலை ஜாக்கால் தூக்குங்கள். ஹப் முகத்திலிருந்து உள்ளே முதலில் தடுக்கும் பாகம் வரையும், வெளியே ஃபெண்டர் விளிம்பு வரையும் அளங்கள். பம்ப் ஸ்டாப் (ஆக்சில் மேலே ஏறுவதைத் தடுக்கும் ரப்பர்) தொடும்வரை தூக்கி மறுபடி அளங்கள். இரண்டில் குறைந்த அளவுதான் கணக்கு. உள்ளே 150, வெளியே 140 மி.மீ. என்றால் மொத்தம் 290. பின்பக்கம் இருபுறமும் 15 விட்டால் மீதி 260. 255 மி.மீ. அகல டயர் போகும். ஆஃப்செட் +5 வைத்தால் இரு பக்கமும் 17.5 மி.மீ. மிஞ்சும். 9 அங்குல ரிம்மில் இது ஏறத்தாழ 5.2 அங்குல பேக்ஸ்பேசிங் (ரிம்மின் உள்விளிம்பிலிருந்து ஹப்பில் பொருந்தும் முகம் வரை உள்ள தூரம்). ரிம் அரை அங்குலம் அகன்றால் டயர் சுமார் 5 மி.மீ. புடைக்கும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

முன்பக்கம் 20 மி.மீ.யாவது விடுங்கள். இரு உயரத்திலும் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். டை ராட் முனையும் ஃபெண்டரின் பின்கீழ் மூலையும்தான் வழக்கமாக இடிக்கும் இடங்கள்.

மொத்த விட்டம் (டயர் அளவின் எண்கள் வரிசையாக: மி.மீ.யில் அகலம், அதில் பக்கச்சுவர் எத்தனை சதவீதம், அங்குலத்தில் ரிம் விட்டம்): 235/70ஆர்15 சுமார் 710 மி.மீ., 275/40ஆர்20 சுமார் 728. உயரம் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் பக்கச்சுவர் 164-இலிருந்து 110-ஆகக் குறைகிறது. தாழ்த்திய வண்டிக்கு இது முக்கியம்: காற்று போனால் வண்டி ரிம்மின் கீழ்விளிம்பு வரை இறங்கிவிடும். அந்த மட்டத்துக்குக் கீழே தொங்கும் எந்தப் பாகமும் சாலையில் உழும். ரிம்மின் கீழ்விளிம்புகளுக்கிடையே நூல் கட்டிப் பாருங்கள்.

டயரின் சுமைக் குறியீடு 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். கார் டயரைப் பிக்கப்பில் போட்டால் அதை 1.10-ஆல் வகுக்க வேண்டும், 727 கிலோதான் தேறும்.

லக் நட்டின் (ஸ்டட்டில் வீலை இறுக்கும் நட்) இருக்கை வடிவம், கூம்போ ஷாங்க்கோ (நேரான குழாய்த் தண்டு), வீலோடு பொருந்த வேண்டும். மாட்டி 80 முதல் 100 கி.மீ. ஓடியதும் டார்க் ரெஞ்சால் மீண்டும் இறுக்குங்கள்.